கறுப்புக் கோட்டுக்கு முன் கடதாசி: திருகோணமலையிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

சட்டத்தரணியாக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் முதலில் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். நுழைவுப் பரீட்சைக்குப் புத்தகம் வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. சான்றிதழில் உள்ள பெயர், சாதாரண தரப் பெறுபேற்றில் உள்ள பெயர், அடையாள அட்டையில் உள்ள பெயர் மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். தமிழில் ஓரிடத்தில் ‘தர்ஷன்’, இன்னோரிடத்தில் ‘தர்சன்’ என்று இருந்தால் அதுவே பிரச்சினைதான். தகப்பன் பெயர் முன்னால் வருகிறதா, முதலெழுத்தாகச் சுருங்கிவிட்டதா, ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

என்னை அலைக்கழித்தது இந்த இடம்தான். பெயர் வித்தியாசத்துக்கு, “இருவரும் ஒருவரே” என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்தால் போதும் என்று ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் உறுதியாகச் சொன்னார். சமாதான நீதவான் முன்னிலையில் அதைச் செய்து, இரவு ரயிலில் கொழும்பு போய் நீட்டினால், அங்கே மேசையில் இருந்தவர் பார்த்த மாத்திரத்தில் திருப்பித் தந்துவிட்டார். திருத்திய பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டுமாம். இந்த ஒரு வசனத்தை முதலிலேயே எழுத்தில் தந்திருந்தால் ஒரு பயணமும் தங்குமிடச் செலவும் மிஞ்சியிருக்கும். ஆகவே எந்த மேசையில் எதைக் கேட்டாலும், கடதாசியை ஏற்கப்போகும் அலுவலகத்திடமே கேளுங்கள்; கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ பதில் வாங்குங்கள். இடையில் இருப்பவர் சொல்வதை வைத்துப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போக வேண்டும். அங்கே எடுபடுவது பழைய கடதாசி. பாடசாலை அனுமதிப் பதிவேட்டின் பிரதி, பெற்றோரின் திருமணச் சான்றிதழ், சிறுவயதுக் கிளினிக் அட்டை, கோயிலிலோ தேவாலயத்திலோ எழுதிய பதிவு எது இருந்தாலும் கொண்டுபோங்கள். பிறந்த காலத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு பலம். இடப்பெயர்வில் எல்லாவற்றையும் தொலைத்த குடும்பங்கள் எங்கள் மாவட்டத்தில் குறைவில்லை. அப்படியானவர்கள் பாடசாலைப் பதிவேட்டிலிருந்து தொடங்குவது நல்லது. திருத்தம் கிடைத்ததும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகளை நாலைந்தாக ஒரே நாளில் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பரீட்சைத் திணைக்களத்துப் பெயரையும் திருத்துங்கள். மொழிபெயர்ப்பிலும் ஒரு கண் இருக்கட்டும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் தன் காதுக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் பெயரை எழுதினால் திருத்தியதெல்லாம் வீண். அடையாள அட்டைப் பிரதியைக் கையில் கொடுத்து, முத்திரை குத்துமுன் நீங்களே வாசித்துப் பாருங்கள்.

வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். உயர்தர இசட் புள்ளியோடு கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டமாணி (எல்.எல்.பி.) பட்டம். திறந்த பல்கலைக்கழகச் சட்டமாணி. அல்லது புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. சட்டமாணிப் பட்டம் மட்டும் இருந்தால் நீதிமன்றில் தோன்ற முடியாது. சட்டக் கல்லூரியின் இறுதிப் பரீட்சையையும் தாண்ட வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் நிறுவனத்தில் காசு கட்டுமுன், அந்தப் பட்டத்துக்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சைகளில் என்ன விலக்கு உண்டு என்று கல்லூரியை நடத்தும் சட்டக் கல்விப் பேரவையிடம் எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் துண்டில் அச்சடித்திருப்பது உத்தரவாதம் ஆகாது. இலட்சக்கணக்கில் கட்டிய பிறகு இதை அறிந்துகொள்ளும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நுழைவுப் பரீட்சையில் மொழித்தாள் ஒன்று, பொது அறிவும் நுண்ணறிவும் சேர்ந்த தாள் ஒன்று. மொழித்தாளைத் தமிழ்ப் பிள்ளைகள் லேசாக எடுத்துவிடுகிறார்கள். சுருக்கம் எழுதுவதும் கிரகிப்பும் நேரம் பிடித்துப் பழகினால்தான் கைவரும். சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலும் தமிழிலும் திறமைச் சித்தி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சாதாரண சித்தி மட்டும் என்றால் மறுபடி எழுதிவிடுங்கள். விண்ணப்ப அறிவித்தலை ஒவ்வொரு வருடமும் புதிதாக வாசியுங்கள். போன வருடம் எழுதிய அண்ணன் சொன்னது இந்த வருடம் பொருந்தாமல் போகலாம்.

ஆங்கிலம் பற்றி ஒன்று. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டுமே நடத்த 2020 இறுதியில் கொண்டுவந்த ஒழுங்குவிதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது. ஆகவே தமிழில் எழுதலாம். அதற்காக ஆங்கிலத்தை விட்டுவிடாதீர்கள். என்.எல்.ஆர். (நியூ லோ ரிப்போர்ட்ஸ்) என்ற பழைய வழக்குத் தீர்ப்புத் தொகுதிகளில் உள்ளவை ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மேன்முறையீட்டு வேலையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. நாளுக்கு ஒரு தீர்ப்பு, அகராதியோடு, ஒரு வருடம் வாசித்தால் பயம் போய்விடும். நான் கண்ட வழிகளில் இதுவே பலித்தது.

பரீட்சைகள், விரிவுரைகள், விடுதி எல்லாம் எப்படியோ ஓடிவிடும்.

தொழிற்பயிற்சிக் காலத்தில் மறுபடி கடதாசி வரும். பயிற்சி தரும் சட்டத்தரணி வாயால் சம்மதித்தால் போதாது. கல்லூரிக்குப் படிவம் போய்ச் சேர்ந்து ஏற்றுக்கொள்ளப்பட்டதா என்று உறுதிசெய்த பிறகே நாட்களை எண்ணத் தொடங்குங்கள். கொழும்பில் பெரிய பெயர் உள்ளவரிடம் கோப்புத் தூக்குவதைவிட, திருகோணமலை நீதிமன்றங்களில் நாளாந்தம் தோன்றுகிற ஒருவரிடம் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு நல்லது என்பேன். காலையில் நீதவான் நீதிமன்றில் பிணை விண்ணப்பம், பிறகு மாவட்ட நீதிமன்றில் காணி வழக்கு, பின்னேரம் காணிப் பதிவகத்தில் தேடுதல் என்று ஒரே நாளில் மூன்றையும் பார்க்கலாம்.

இங்கே தொழில் செய்கிறவருக்குக் காணிச் சட்டம்தான் சோறு. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை செல்லாது. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருடம் காணியைத் தடையின்றி அனுபவித்தவரின் உரிமை பற்றிய மூன்றாம் பிரிவையும், 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு வழங்கும் உத்தரவுப் பத்திரங்களையும் கரைத்துக் குடியுங்கள். யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடியவர்களின் காணிக்காக 2016இல் 5ஆம் இலக்கக் காலாவதி (சிறப்பேற்பாடுகள்) சட்டம் வந்தது. வழக்குப் போட அது தந்த கால அவகாசம் சிறியது. வழக்குப் போடலாம் என்று அறியாமலே இருந்தவர்களின் வாசல்களில் இருந்தே உங்கள் கட்சிக்காரர்கள் வருவார்கள்.

நொத்தாரிசு வேலை தொடங்கினால், மாதம் முடித்த உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் ஒப்படைக்க வேண்டும். சுவர்க் கலண்டரில் சிவப்பில் குறித்து வையுங்கள்.

சிங்களமும் வாசிக்கப் பழகுங்கள். பொலிஸ் அறிக்கை பெரும்பாலும் சிங்களத்தில் வரும். கந்தளாய் நீதிமன்றில் வழக்கு எடுக்க நேர்ந்தால் வேறு வழியே இல்லை. கட்சிக்காரர் பக்கத்தில் நிற்கையில் அறிக்கையை வாசிக்க இன்னொருவரைத் தேடும் நிலை வரக்கூடாது.