புளி போட்டுத் தேய்த்த பதக்கம்

எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் சிப்பாயாக இருந்து, ஊர் திரும்பியதும் வேலூருக்குத் தெற்கே முட்புதர் மண்டிய தரிசைத் திருத்திக் குடியேறியவர் என்பது வீட்டில் வழங்கும் கதை. கம்மவான்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு வீடு பட்டாளத்தார் என்பதால் அது யாருக்கும் வியப்பில்லை. சான்றாக இருந்தது, பாட்டியின் டிரங்குப் பெட்டியில் கறுத்துக் கிடந்த வெள்ளிப் பதக்கம் ஒன்றுதான். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை. மறுபக்கம் குதிரைவீரனும் 1914, 1918 என்ற ஆண்டுகளும். விளிம்பைப் புளி போட்டுத் தேய்த்த பிறகே படை எண்ணும் பெயரும் தெரிந்தன. (தேய்த்ததற்கு மாமாவிடம் திட்டும் வாங்கினேன்.)

நிலத்தின் கதை எளிதில் பிடிபடவில்லை. வட ஆர்க்காடு 1989இல் இரண்டாகவும், வேலூர் 2019இல் மூன்றாகவும் பிரிந்திருந்ததால், பதிவேடு எங்கே இருக்கிறது என்று கண்டறியவே ஆறு மாதம் போயிற்று. கிடைத்த தாளில் பசலி 1332 என்றிருந்தது. பசலி என்பது நிலவரிக் கணக்கின் ஆண்டு; 590 கூட்டினால் 1922. அமெரிக்க விடுதலைப் போரில் மன்னர் பக்கம் நின்ற சிப்பாய்களுக்குக் கனடாவில் நிலம் கொடுத்ததைப் போல, இவருக்கும் சர்க்கார் இனாமாகக் கொடுத்தது என்றே நம்பியிருந்தோம். தாளில் இருந்ததோ தீர்வை, அதாவது நிலவரி, விதித்த சாதாரணப் பட்டா. நிலத்தில் உள்ள கிணற்றைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை; அதை அவர் பிறகுதான் வெட்டியிருக்க வேண்டும்.