பெட்ராஷ்குவின் சுவர்கள்

ருமேனியாவில் தர்கோவிஷ்தே என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் வலாக்கியா என்ற பழைய சிற்றரசின் தலைநகர். அந்தப் பெருமை புக்கரெஸ்டுக்குப் போனபின் சிறு பட்டணமாகிவிட்டது. 1989 நத்தார் தினத்தில் ருமேனியச் சர்வாதிகாரி சௌஷெஸ்குவையும் மனைவியையும் சுட்டது அங்கேதான். எனக்கு அந்த ஊர் பழக்கமானது ஓவியர் கியோர்கே பெட்ராஷ்குவால். 1872இல் பிறந்து, பாரிசில் படித்து, வெனிஸையெல்லாம் வரைந்த மனுஷன், 1920களில் தர்கோவிஷ்தேயில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு அந்த ஊரின் பழைய வீடுகளைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவருடைய வீடு இப்போது நூதனசாலை.

எங்கள் ஐயா மேசன். சின்ன வயதில் அவருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்திருக்கிறேன். அதனாலோ என்னவோ, பெட்ராஷ்குவின் படத்தில் என் கண் முதலில் சுவருக்குத்தான் போகிறது. வண்ணத்தை அவ்வளவு தடிப்பாக அப்பியிருப்பார். தூரிகையா சாந்தகப்பையா என்று சந்தேகம் வரும். தூரத்தில் வெள்ளையாகத் தெரியும் சுவரை போனில் பெருப்பித்துப் பார்த்தால் சாம்பல், காவி, கொஞ்சம் நீலம் எல்லாம் கிடக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரும் அப்படித்தானே. வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த வெள்ளை படை படையாக ஏறியிருக்கும். ஒரு பொருக்கு உரிந்தால் உள்ளே பழைய வெள்ளை, அதற்குள் இன்னும் பழையது.

இங்கே யாழ்ப்பாணத்தில் அந்தச் சுண்ணாம்புச் சுவர்களுக்கு மேலே இப்போது சீமெந்து பூசுகிறார்கள். உள்ளே ஏறும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் பூச்சு பொருமிக் கழரும். ஐயா கண்டால் ஏசுவார்: "சுவரின்ர மூக்கைப் பொத்திப்போட்டாங்கள்."

எங்கள் நாற்சார் வீடுகளை வரைகிறவர்கள் பலர் முற்றத்தில் துளசி, திண்ணையில் ஆச்சி, ஓட்டில் மாலை வெயில் என்று வைத்துவிடுகிறார்கள். பார்க்க வடிவாகத்தான் இருக்கும். ஆனால் சுவர் இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் நிறம் மட்டும்தான் இருக்கும். ஏக்கத்தை வரைவது சுகம், கல்லை வரைவதுதான் பாடு.

பருத்தித்துறைத் தெருமூடி மடத்தை யாராவது பெட்ராஷ்கு மாதிரி வரையவேண்டும் என்பது என் ஆசை. தெருவையே மூடிய கூரை, இரு பக்கமும் கல் தூண்கள், நடுவால் ஓட்டோ போகும். அந்தக் காலத்தில் வழிப்போக்கர் இளைப்பாறிய இடம். வாட்டர் கலர் அந்தக் கல்லுக்குக் காணாது. எண்ணெய் வண்ணம்தான் சரி, அதுவும் தாராளமாக.

நுண்கலை படிக்கும் ஒரு பெடியனிடம் இதைச் சொன்னேன்.

"அண்ணை, ஒரு டியூப் வெள்ளை என்ன விலை எண்டு தெரியுமோ?" என்றான்.

நியாயமான கேள்வி. அந்தத் தடிப்பில் அப்பினால் ஒரு தூணுக்கே ஒரு டியூப் போய்விடும். சரி, வெள்ளையும் காவியும் என் செலவு என்று ஒத்துக்கொண்டிருக்கிறேன். நீலத்துக்கு அவன் இன்னும் பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.