ராப் பட்லரின் ஊரில் ஒரு சனிக்கிழமை

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் ஏறி, ஒரு மணி நேரத்தில் ஆட்லி எண்டில் இறங்கினேன். கண்ணெதிரே பஸ் கிளம்பிப் போனது. சாஃப்ரன் வால்டனுக்கு அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும், நடந்துவிட்டேன். ஊர்ப் பேரிலேயே குங்குமப்பூ; ஒரு காலத்தில் வயல்வயலாக விளைந்த இடம். சந்தையில் என் கண்ணில் பட்டதென்னவோ பூந்தொட்டியும் சீஸும்தான்.

நான் வந்தது ராப் பட்லருக்காக. 1929 முதல் 1965 வரை இந்தத் தொகுதியின் கன்சர்வேடிவ் எம்.பி. பிறந்தது இன்றைய பாகிஸ்தானின் அட்டக்கில். சின்ன வயதில் இந்தியாவில் மட்டக்குதிரையிலிருந்து விழுந்ததில் வலக்கை கடைசிவரை சரியாகவில்லை. 1935 இந்திய அரசுச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கரையேற்ற உழைத்த இளம் அமைச்சர்களில் ஒருவர். அந்தச் சட்டப்படி தேர்தல் நடந்துதான் 1937இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார்.

டீச்சரான எனக்கு அவர், கல்வித் துறை அமைச்சராக இருந்து 1944 கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தவர். போர் நடக்கும்போது புதுக் கல்வி மசோதா எதுவும் வேண்டாம் என்றார் பிரதமர் சர்ச்சில். பட்லர் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். லேபர் கட்சியின் சூட்டர் ஈட் துணைக்கு நிற்க, சர்ச் பள்ளிக்காரர்களோடு ஓயாத பேரம். கடைசியில் அரசுப் பள்ளிகளில் உயர்நிலை வகுப்புக்கு ஃபீஸ் ஒழிந்தது. பதினோரு வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துப் போட்ட பரீட்சையும் இந்த ஏற்பாட்டோடு ஒட்டிக்கொண்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொரு கதையும் உண்டு. 1944 மார்ச்சில், ஆசிரியைகளுக்கும் ஆண்களுக்குச் சமமான சம்பளம் கொடுங்கள் என்று அவருடைய சொந்தக் கட்சி எம்.பி. தெல்மா கசாலெட்-கீர் அந்த மசோதாவுக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பட்லர் எதிர்த்தார். 117க்கு 116, ஒரே ஓட்டில் திருத்தம் ஜெயித்தது! சர்ச்சில் விடவில்லை, நம்பிக்கை வாக்கெடுப்பாக்கி இரண்டே நாளில் அதைக் கவிழ்த்தார்.

செயின்ட் மேரீஸ் சர்ச் வளாகத்தில்தான் பட்லரை அடக்கம் செய்திருக்கிறார்கள். ஈரப் புல்லில் ஷூ ஊறிப்போனது. நிதி, உள்துறை, வெளியுறவு எல்லாம் பார்த்தவருக்குப் பிரதமர் நாற்காலி மட்டும் 1957இலும் 1963இலும் கைநழுவியது. பாவம்தான். எனக்கென்னவோ அந்த ஒரு ஓட்டுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்றபடியே எங்கள் ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் கதையைப் போட்டேன். கணக்கு டீச்சரிடமிருந்து உடனே பதில்:

"அந்த ரெண்டு நாள் அரியர்ஸ் வந்துச்சா மிஸ்?"