துர்கா ரயிலைப் பார்த்தாளா?

"படத்தை முழுதாகப் பார்த்தாயா அம்மா?" என்றுதான் கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. வாய்மொழித் தேர்வில் இதைவிடக் கடுமையான கேள்விகளெல்லாம் கேட்கப்படுகின்றன. ஆனால் பக்கத்தில் புறத்தேர்வாளர் உட்கார்ந்திருந்தார். கேட்டவன் அந்த ஆய்வேட்டுக்கு நெறியாளன். தன் மாணவிக்குத் துணையாக அங்கே உட்கார வேண்டியவன் நான் ஒருவன்தான்.

'பதேர் பாஞ்சாலி' என்ற வங்காள நாவலையும் அதிலிருந்து எடுத்த படத்தையும் ஒப்பிடும் எம்.ஏ. ஆய்வேடு அது. நான்காம் இயலில், கதையில் வரும் சிறுமியைப் பற்றி அவள் எழுதியிருந்த ஒரு வரி: 'துர்கா ரயிலைப் பார்க்காமலேயே இறந்துபோகிறாள்.' அதன் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன்.

அவள் சொன்ன பதில் இரண்டே வாக்கியம். "பார்த்தேன் ஐயா. இரண்டிலும் அவள் பார்க்கவில்லை."

நான் அவள் பக்கம் திரும்பவில்லை. புறத்தேர்வாளரைப் பார்த்துப் பேசினேன். "நாணல் பூத்த வெளியில் துர்காவும் தம்பி அப்புவும் ரயிலைப் பார்க்க ஓடுகிறார்களே, அந்தக் காட்சிதானே படத்துக்கே உயிர்" என்றேன். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்போடு விஷயம் முடிந்துவிட்டது. அடுத்த கேள்விக்குப் போனோம். அந்த இயலுக்கான மதிப்பெண்ணைக் குறைத்தோம். 'குறைத்தோம்' என்று பன்மையில் எழுதுகிறேன். முதலில் எண்ணைச் சொன்னவன் நான்.

பல வருடங்களாக ஒப்பிலக்கியத் தாளில் நான் நடத்தும் பாடம் இது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் நாவல் 1929-இல் புத்தகமாக வந்தது; சத்யஜித் ராயின் படம் 1955-இல் வெளியானது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடுகளை எந்தக் குறிப்பும் இல்லாமல் என்னால் சொல்ல முடியும். நாவலில் இந்திர் பாட்டி தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். அப்பு அப்போது கைக்குழந்தை. படத்திலோ அப்பு ஓடியாடும் வயது வரை அவள் இருக்கிறாள், அந்த மரணத்தைக் குழந்தைகள்தான் கண்டுபிடிக்கிறார்கள். மகள் இறந்தது தெரியாமல் ஹரிஹர் அவளுக்குப் புடவை வாங்கி வரும் இடத்தில், நாவலில் தாய் சர்வஜயா வாய்விட்டு அழுது சொல்கிறாள். படத்தில் அவள் அழுகுரலே நமக்குக் கேட்பதில்லை, அந்த இடத்தை ஒரு நரம்பு வாத்தியத்தின் ஓலம் எடுத்துக்கொள்கிறது. இந்த இடத்தை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு அமைதியாகிவிடும். எனக்கும் தொண்டை அடைக்கும்.

ரயிலை மட்டும் நான் ஒப்பிட்டதே இல்லை. நாவலிலும் அது அப்படியே இருக்கிறது என்று நம்பியிருந்தேன்.

நாவலை நான் படிக்காதவன் அல்ல. மாணவனாக இருந்தபோது நூலகத்தில் எடுத்துப் படித்தேன். பிறகு படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. படித்ததன் மேல் பார்த்தது படிந்து, எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது. இதைக் காரணமாகத்தான் சொல்கிறேன். ஆனால் எழுதிப் பார்க்கும்போது சாக்குப்போல இருக்கிறது.

முடிவுகள் வெளியான பிறகு, வேறொரு வேலைக்காக நாவலை மறுபடி எடுத்தேன். அக்காவும் தம்பியும் ஒருநாள் ரயில் பாதையைத் தேடி வயல்வெளியில் ஓடுகிறார்கள். வழி தவறி, எதையும் காணாமல் வீடு திரும்புகிறார்கள். பிறகு அப்பு தந்தையோடு வெளியூர் போகும் வழியில் தண்டவாளத்தைப் பார்க்கிறான். ரயில் வரும்வரை நிற்கலாம் என்று கெஞ்சுகிறான். நேரமில்லை என்று தந்தை அழைத்துப் போய்விடுகிறார். காய்ச்சலில் கிடக்கும் துர்கா தம்பியிடம் கேட்கிறாள்: குணமானதும் எனக்கு ஒருநாள் ரயில் காட்டுவாயா? அவள் போன பிறகு, ஊரைவிட்டே போகும் நாளில்தான் அப்பு ரயில் ஏறுகிறான்.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன்.

சரி, நாவலைப் பொறுத்தவரை நான் தவறு. ஆனால் என் கேள்வி படத்தைப் பற்றியது அல்லவா? 'படத்தைப் பார்த்தாயா' என்றுதானே கேட்டேன்? இரண்டு மூன்று நாட்கள் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலுவான வாதம்தான். ராய் படமெடுக்கத் தொடங்கியதே அந்த ரயில் காட்சியில் இருந்துதான், 1952-இல். ஒருநாள் படமாக்கிவிட்டு அடுத்த வாரம் போனால், நாணல் பூக்களை மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மீதியை எடுக்க மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருந்தார். நாவலாசிரியர் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காததைக் கொடுக்க ஓர் இயக்குநர் ஓராண்டு காத்திருந்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அழகான வாக்கியம். வகுப்பில் சொன்னால் குறிப்பெடுப்பார்கள்.

அதைச் சொல்வதற்கு முன் காட்சியை ஒருமுறை சரிபார்ப்போம் என்று படத்தைப் போட்டேன். துர்கா கரும்பு கடிக்கிறாள். தந்திக் கம்பத்தில் காதை வைத்து அதன் இரைச்சலைக் கேட்கிறாள். தூரத்தில் புகை. இருவரும் ஓடுகிறார்கள். ஓட்டத்தில் துர்கா தடுக்கி விழுகிறாள். அப்பு நிற்காமல் ஓடுகிறான். கேமரா தண்டவாளத்தின் மறுபக்கம் போய்விடுகிறது. ஓடும் சக்கரங்களின் இடைவெளியில் அப்பு தெரிகிறான். அக்கா தெரியவில்லை.

விழுந்ததை நான் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறேன். ஓடும் குழந்தை விழுகிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறேன். மேற்படிப்புக்கு வழி தெரியாமல் வந்த என் மாணவி அந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறாள். நாவலை முதலில் படித்துவிட்டுப் படத்துக்கு வந்ததால்தான் அவளுக்கு அது தெரிந்தது என்று தோன்றுகிறது. நான் படத்தின் வழியாக நாவலைப் படித்தவன்.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. விழுந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்திருக்க மாட்டாளா? சில அடி தூரத்தில் ஒரு ரயிலே போகிறது. கேமரா அவளைக் காட்டவில்லை என்பதால் அவள் பார்க்கவில்லை என்று எழுதிவிடலாமா? அந்த வரிக்கு அவள் ஆதாரம் காட்டியிருக்க வேண்டும். விழுவதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தால் நான் அந்தக் கேள்விக்குறியைப் போட்டிருக்கவே மாட்டேன். ஆய்வேட்டில் அதைச் சொல்லாதது அவள் குறை. இதை நான் இன்றும் சொல்வேன். ஆனால் வாய்மொழித் தேர்வு என்பது அதைச் சொல்ல வைப்பதற்குத்தானே? 'எப்படி அம்மா சொல்கிறாய்?' என்று ஒரு கேள்வி போதும். நான் புறத்தேர்வாளர் பக்கம் திரும்பிவிட்டேன்.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. மாற்றுச் சான்றிதழ் வாங்க அவள் துறைக்கு வந்தாள். நான் நாவலைப் படித்து முடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. சொல்ல வேண்டிய வார்த்தைகள் நாக்கு நுனியில் இருந்தன. "பி.எட். சேரப்போகிறேன் ஐயா" என்றாள். "நல்லது அம்மா, நன்றாகப் படி" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் முதல் வகுப்பில்தான் தேறியிருந்தாள், அந்தச் சில மதிப்பெண்கள் அவள் வாழ்க்கையை மாற்றப்போவதில்லை, பழையதைக் கிளறினால் அவளுக்குத்தான் சங்கடம் என்று அன்று இரவு காரணங்களை அடுக்கினேன். எல்லாமே உண்மையான காரணங்கள். ஆனால் அவள் நின்றிருந்த அந்த நிமிடத்தில் இவற்றில் ஒன்றுகூட என் மனதில் இல்லை. துறையில் இன்னும் இருவர் இருந்தார்கள் என்பதுதான் இருந்தது.

ஆய்வேட்டின் பிரதி துறை அலமாரியில் இருக்கிறது. ஒருமுறை எடுத்து அந்தக் கேள்விக்குறியை அடிக்கப்போனேன். பேனாவைத் திறந்தும் அடிக்கவில்லை. அவள் எழுதியது தவறு என்பதற்காகப் போட்ட குறி அது. இப்போது அதே இடத்தில் எனக்கு நிஜமாகவே ஒரு கேள்வி இருக்கிறது.

இந்த ஆண்டும் அந்தப் பாடத்தைப் படத்தில் இருந்துதான் தொடங்கினேன். நாவலை முதலில் கொடுத்தால் பாதிப் பேர் படிக்க மாட்டார்கள். துர்கா விழும் இடத்தில் நிறுத்தி, அவள் ரயிலைப் பார்த்தாளா என்று கேட்டேன். பார்த்தாள் என்று பலர், பார்க்கவில்லை என்று சிலர். பின்வரிசையில் ஒரு பையன், "கம்பத்தில் காது வைத்துக் கேட்டாளே ஐயா" என்றான். திரும்ப அந்த இடத்தைப் போடச் சொன்னார்கள். போட்டேன்.