கறுப்பு கோட் போட்டாலும் "எந்தத் தோட்டம்?"

லோ கொலேஜ் பாஸ் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்துல (தொழிலாளர் வரிசை வீடுகள்ல) நெனைச்சிட்டிருக்காங்க, ஆனா கஷ்டமே அதுக்குப் பொறகுதான். சத்தியப்பிரமாணத்துக்கு முந்தி ஒரு சீனியர்கிட்ட ஆறு மாசம் அப்ரெண்டிஸா நிக்கணும், கொழும்புல கோட்ஸ் இருக்குற புதுக்கடையில அப்பாவோ மாமாவோ லோயரா இருந்தா ஒரு ஃபோன் கோல்ல முடியிற வேலை, நமக்கு? அம்மா கொழுந்து பறிச்சு அனுப்புற காசுலதான் போர்டிங் வாடகை, பஸ்ஸு, சாரி எல்லாம். நான் போன ஒரு சீனியரோட சேம்பர்ல (லோயர் ஆபீஸ்ல) மொதக் கேள்வியே "எந்தத் தோட்டம்?" ரிசல்ட் ஷீட்டை அந்த மனுசன் தொடக்கூட இல்ல.

மொழி இன்னொரு கூத்து. இலங்கை அரசியலமைப்புல 24ஆவது உறுப்புரைப்படி கோட்ஸ்ல லோயர் தமிழ்லயும் பேசலாம், மொழிபெயர்ப்பு குடுக்கணும். ஆனா நுவரெலியா, அட்டன் பக்கம் இவ்வளவு தமிழ் சனம் இருந்தும் கோட்ஸ் நடக்குறது சிங்களத்துல, மொழிபெயர்ப்பாளர் வேணும்னா கேஸ் இன்னொரு தேதிக்குப் போயிரும், அப்புறம் எந்தக் கட்சிக்காரர் நம்மகிட்ட வருவாரு? சிங்களத்துல கொஞ்சம் தடுமாறினா "இவளுக்குச் சட்டமே தெரியாது"ன்னு முடிச்சிருவாங்க, பொறகு தேதி வாங்குற வேலைதான் கையில வரும் (அதுக்கும் காசு கேட்டாத்தான்).

நம்ம பக்கத்துப் புள்ளைங்க யாராவது சீனியர் தேடுறீங்கன்னா மெசேஜ் போடுங்க, தோட்டம் கேக்காத ரெண்டு மூணு பேரை எனக்குத் தெரியும்.