மேலுறை இல்லாத மாத்திரைப் புட்டி

எச்.ஐ.வி.யுடன் வாழ்ந்து அறுபதைக் கடந்துவிட்ட என் தோழி, மாத்திரைப் புட்டியின் மேலுறையை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகே அலமாரியில் வைப்பார். பேரக்குழந்தைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார்களாம். 1996ஆம் ஆண்டு வாக்கில் வந்த கூட்டுமருந்துச் சிகிச்சை ஆயுளை நீட்டித்தது உண்மைதான். ஆனால் மறைத்தே வாழ்வதன் களைப்புக்கு மாத்திரை இல்லை.

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இரவில் வியர்த்துக் கொட்டினால், அது வயதின் வேலையா, கிருமியின் வேலையா என்று புரியாமல் விடியும்வரை விழித்திருப்பவர்கள் உண்டு. கேட்டால் பாதிப் பயம் குறையும். கேட்கத்தான் கூச்சம், மருத்துவர்களும் தாமாக இப்பேச்சை எடுப்பதில்லை என்பது என் மனக்குறை. சிகிச்சையால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலையிலேயே நீடித்தால், உடலுறவின் வழியாக அது பிறருக்குப் பரவாது என்பதையே சிலர் ஆதரவுக் குழுவில்தான் முதன்முறையாகக் கேட்கிறார்கள்.

மனச்சோர்வுக்கென விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை சில எச்.ஐ.வி. மருந்துகளின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

தோழி இப்போது மூத்த மகளிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறார். இரவு எட்டு மணிக்கு "போட்டாச்சாம்மா?" என்று அவள் தொலைபேசியில் கேட்பதற்காகவே, சில நாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாராம்.