பத்து நிமிசம்தானே

வீட்டுவேலை பிள்ளைக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தரம் 4 பிள்ளை காலையில் எழுதுகிறது, பாடசாலை விட்டதும் ரியூசனில் எழுதுகிறது, அடுத்த வருசம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை என்று சொல்லிச் சொல்லியே வீட்டிலும் எழுத வைக்கிறார்கள், அதற்கு மேல் நானும் வாய்பாட்டை ஐந்து தரம் எழுதிக்கொண்டு வா என்றால் கணக்கு என்றாலே கை உளைவுதான் ஞாபகம் வரும். அதனால்தான் பணம் பற்றிய பாடம் வந்தபோது கொப்பிக் கணக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் யாராவது பெரியவரோடு கடைக்குப் போய் ஐந்து சாமான்களுக்கு விலை கேட்டு எழுதி, 1000 ரூபா கொண்டுபோனால் எதை எதை வாங்கலாம், மிச்சம் எவ்வளவு என்று பார்த்து வரச் சொன்னேன்.

அடுத்த நாள் வகுப்பே சந்தை மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் தக்காளி மலிவு என்று ஒருத்தன், இல்லை எங்கட ஒழுங்கைக் கடையில்தான் மலிவு என்று இன்னொருத்தி. கழித்துப் பார் என்று நான் யாரையும் கெஞ்சவில்லை, சண்டை பிடிப்பதற்காகவே கழித்தார்கள்.

ஒரு பிள்ளையின் கொப்பியில் மட்டும் மரக்கறி எதுவும் இல்லை. சவர்க்காரம், பிஸ்கட், தேயிலை, பற்பசை, சம்போ. எல்லா விலையும் புள்ளி போட்டு இரண்டு பூச்சியத்தோடு. எந்தக் கடை என்று கேட்டேன். கடைக்குப் போகவில்லையாம், வீட்டில் கிடந்த பக்கற்றுகளிலும் பெட்டிகளிலும் அச்சடித்திருக்கிற விலையைப் பார்த்து எழுதினாளாம். சாட்சிக்கு ஒரு பிஸ்கட் உறையை நாலாக மடித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தாள். அதை வகுப்பு முழுவதுக்கும் காட்டிப் பாராட்டினேன், கூட்டல் கழித்தலும் பிழையில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவளை இறக்கிவிட வந்த தாய், ஸ்கூட்டியை நிற்பாட்டாமலே என்னைக் கூப்பிட்டார்.

"ரீச்சர், எழுதுற வேலை எண்டால் அவள் தானே இருந்து எழுதிப் போடுவாள். இது எனக்கெல்லோ வேலை. நான் வேலை முடிஞ்சு வர எட்டு மணியாகுது, கடை பூட்டிப்போட்டான் எண்டு ஒரே அழுகை."

"பத்து நிமிசம்தானே தங்கச்சி, பிள்ளையோட கதைச்ச மாதிரியும் இருக்கும்" என்றேன்.

"கதைக்கிறதுக்கும் நேரம் வேணும்தானே ரீச்சர்."

கோபமாகச் சொல்லவில்லை. வேலைக்குப் பிந்துது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் சொன்னதில் என்ன பிழை என்று பலமுறை யோசித்துவிட்டேன். எந்தத் தாயிடமும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பிள்ளையோடு பத்து நிமிசம் இருங்கள் என்று ஒரு ஆசிரியர் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது? ஆனாலும் அந்தப் பத்து நிமிசம் எங்கேயிருந்து வரும் என்று கணக்குப் பார்த்தால், எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சமைத்து, சட்டை தோய்த்து, அடுத்த நாள் சாப்பாட்டுக்கும் ஆயத்தம் செய்கிற ஒருவரின் நித்திரையில் இருந்துதான் வரும். வாய்பாடு எழுதச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அழுகை இருந்திருக்காது. பிள்ளை தனியே எழுதி முடித்துவிட்டுப் படுத்திருக்கும்.

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பர் வீட்டுவேலை பற்றிய ஆய்வுகளை 2006 இல் தொகுத்துப் பார்த்தவர். மேல் வகுப்புகளில் தெரிகிற அளவுக்குச் சின்ன வகுப்புகளில் வீட்டுவேலைக்கும் பெறுபேற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது அதில் வந்த முடிவு. ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் என்ற அளவும் அவர் பேரோடு சேர்த்துப் பேசப்படுகிறது, அப்படிப் பார்த்தால் தரம் 4 க்கு நாற்பது நிமிடம். அந்த அளவுக்குள் நான் நின்றேன் என்று மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் அது பிள்ளையின் நிமிடங்களுக்கான அளவு, தாயின் நிமிடங்களை அதில் யாரும் எண்ணுவதில்லை.

அப்புறம் சில காலம் பெரியவர் துணை தேவைப்படாத வேலைகளாகப் பார்த்துக் கொடுத்தேன். படலையில் இருந்து குசினிக்கு எத்தனை அடி, மேசை எத்தனை சாண், முதலில் ஊகித்து எழுது, பிறகு அளந்து பார். பிள்ளைகள் சந்தோசமாகத்தான் செய்தார்கள். இதெல்லாம் என்ன விளையாட்டு, மாதிரி வினாத்தாள் தாங்கோ என்று கேட்ட ஒரு தகப்பனுக்கு என்னால் தயக்கமில்லாமல் பதில் சொல்லவும் முடிந்தது. ஆனால் வகுப்பில் அந்தச் சந்தைச் சத்தம் திரும்ப வரவில்லை. விலை கேட்கப் போன பிள்ளை, வழியில் அம்மம்மாவோடு கதைத்ததையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தது, படலையை அளந்த பிள்ளை இலக்கத்தை மட்டும் கொண்டுவந்தது.

பக்கற்று விலை எழுதியவளை நினைத்தால் எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றுகிறது. அழுது முடித்துவிட்டுத் தானே ஒரு வழி கண்டுபிடித்தாளே, அதுதானே படிப்பு என்று ஒரு பக்கம். கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்திருந்தால் அவள் குப்பைக் கூடையைக் கிளறியிருக்க மாட்டாள் என்று மற்றப் பக்கம். நான் அதை வகுப்பில் தூக்கிக் காட்டியபோது அவளுக்குப் பெருமையாக இருந்ததா, கடைக்குப் போகாதது எல்லாருக்கும் தெரிந்துவிட்டதே என்று இருந்ததா, முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த தவணையில் நிறுத்தல் அளத்தல் வருகிறது. கடைத் தராசைப் பார்க்காமல் கிலோவையும் கிராமையும் படிப்பிக்க எனக்கு மனமில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் இருக்கிறதே என்று நினைத்து, அவளிடம் மெதுவாக விசாரித்தேன். அம்மாவுக்குச் சனிக்கிழமையும் வேலையாம். ஞாயிறு காலையில் அறநெறிப் பாடசாலை, பின்னேரம் ரியூசன்.